ஐந்து அறையும் ஒரு சுருட்டுக் கொட்டிலும்

கொக்குவில் சந்திக்கு முந்திய நிறுத்தத்திலேயே இறங்கிவிடுங்கோ, சந்திக்குப் போனால் வெயிலுக்குள் திரும்பி நடக்க வேண்டி வரும் என்று ரீச்சர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வந்தால் அதிக தூரமில்லை. ஒழுங்கைக்குள் திரும்பியதும் இரண்டு பக்கமும் மதில்கள். கிடுகு வேலிகள் இருந்த ஊர் இது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஒரு கேற்றில் நீலப் பலகை தொங்குகிறது: ஐந்து அறைகள், அதில் இரண்டுக்கு ஏசி, காலைச் சாப்பாடு சேர்த்து. பலகைக்கு மேலே கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கொப்பு ஒன்று ஒழுங்கைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இப்படியான தங்குமிடங்கள் கொக்குவிலில் பெருகிவிட்டன. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர்கள் முதலில் சொந்தக்காரர் வீடுகளில்தான் தங்கினார்கள். பிறகு குளியலறை அறையோடு சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். போர் முடிந்தபின் தெற்கிலிருந்து பஸ் பிடித்துச் சனம் வந்தது. 2014 ஒக்ரோபரில் ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை நீண்டது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும், பல்கலைக்கழகப் பட்டமளிப்புக் கிழமையிலும் இந்தப் பக்கம் அறை கிடைக்காது. மற்ற நாட்களில் மருத்துவ பீடத்துப் பிள்ளைகளைத் தேடி வரும் தாய் தகப்பன், காணி விற்க வந்த வெளிநாட்டுக்காரர், அவர்களோடு வரும் தரகர்.

நான் வந்த காரணம் வேறு. பலகை ஏறுவதற்கு முந்திய இருபத்தேழு வருடம் இந்த வளவுக்குள் இடம்பெயர்ந்த சனம் இருந்தது என்று ரீச்சரிடம் கணக்குப் படித்த நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். உச்சத்தில் ஏழு குடும்பங்கள். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி எழுதப் போகிறவர்கள் கோணாப்புலத்துக்கும் மல்லாகத்துக்கும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமுக்கும் போவோம். முகாமில் எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். படம் எடுக்கவும் வசதி. கச்சேரிக் கணக்கில் இடம்பெயர்ந்தோருக்கு எப்போதும் இரண்டு நிரல் இருந்தது. ஒன்று, நலன்புரி நிலையங்களில் உள்ளோர். மற்றது, உறவினர் நண்பர் வீடுகளில் உள்ளோர். இரண்டாவதுதான் பெரியது. அந்த நிரலுக்குள் சனம் எப்படி இருந்தது, யார் யாருக்கு வாளி கொடுத்தார்கள், யார் யாரோடு கதைக்காமல் விட்டார்கள் என்பதை ஒருவரும் போய்க் கேட்கவில்லை.

ரீச்சருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கேற்றுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். "தேத்தண்ணி பிறகு. முதல்ல வீட்டைப் பாருங்கோ, வெயில் ஏறினா பின்பக்கம் நிக்க ஏலாது."

முன்விறாந்தையில் புதிய வெள்ளை மாபிள் பதித்திருக்கிறது. இடதுகை ஓரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பழைய சிவப்புச் சீமெந்தை விட்டுவைத்திருக்கிறார்கள். வந்து தங்குகிறவர்கள் அதைப் பழமையின் அழகு என்று படம் எடுக்கிறார்களாம். உண்மையில் மாபிள் காணாமல் போனது. குனிந்து பார்த்தால் அந்தச் சிவப்புத் தரையில் நேர்கோடாக மூன்று குழி, ஒவ்வொன்றும் ஒரு ரூபாக் குத்தி அளவு. நிமிர்ந்தால் அதற்கு நேரே மேலே வளையில் வரிசையாகத் துருப்பிடித்த ஆணிகள். உரப்பைகளைப் பிரித்துத் தைத்து அந்த ஆணிகளில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தடி நட்டு, விறாந்தையை நாலாகப் பிரித்திருந்தார்கள். நாலு பிரிவிலும் நாலு குடும்பம். ஹோலில் ஒன்று. சாமியறைக்குப் பக்கத்து அறையில் கைக்குழந்தையோடு ஒன்று. பின்னால் கொட்டிலில் மயிலிட்டிக்காரர்.

"உரப்பைக்கு அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் பிள்ளை எழும்பும். ஆனா ஒரு நாளும் ஒருத்தரும் அந்த மறைப்பைக் கேக்காமல் தூக்கினது இல்லை. அது சுவர் மாதிரித்தான்."

1990 ஜூன் 13ஆம் திகதியோடு யாழ்தேவி ரயில் நின்றது. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஜூன் 15ஐ ஒட்டி, பலாலிப் பக்கத்திலிருந்தும் மயிலிட்டி, காங்கேசன்துறை, தையிட்டிப் பக்கங்களிலிருந்தும் சனம் தெற்கே வரத் தொடங்கியது. ரயில் நின்றதும் சனம் வந்ததும் இந்த வீட்டில் ஒரே கிழமையில் ஒன்றோடு ஒன்று பொருந்திவிட்டன. அந்தப் பொருத்தம் பின்வளவில் நிற்கிற கொட்டிலில் இருக்கிறது.

கொக்குவில் சுருட்டுக்குப் பேர்போன ஊர். யாழ்ப்பாணத்துப் புகையிலை இங்கே பதமாகி, சுற்றி, கட்டாகி, தெற்கே சிங்களக் கிராமங்களின் கடைகளுக்குப் போனது. ரீச்சரின் மாமனார் ஒரு சின்னச் சுருட்டு முதலாளி. பத்துப் பதினைந்து பேர் சம்மணமிட்டு இருந்து சுற்றுகிற கொட்டில் அது. நீளமான, ஒரு பக்கம் அரைச்சுவர் வைத்த, ஓடு போட்ட மால். வேலை நடக்கும்போது ஒருவர் பேப்பரை உரத்து வாசிப்பார் என்றும், தன் கணவர் சின்ன வயதில் அரசியல் படித்தது அங்கேதான் என்றும் ரீச்சர் சொன்னார். 1983க்குப் பிறகே தெற்கு வியாபாரம் இழுபறியாகிவிட்டது. ரயிலும் நின்றபோது கொட்டில் சும்மா கிடந்தது. மீன் கொண்டுவந்து கொடுக்கும் மயிலிட்டிக்காரர் ஒருவர், மனைவி, தாய், நாலு பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்று, "ஐயா, ஒரு கிழமைக்கு" என்றார்.

ஒரு கிழமை என்றுதான் எல்லாரும் சொன்னார்களாம். அதை நினைத்துத்தான் மாமனாரும் சம்மதித்தார். இருபத்தேழு வருடம் என்று தெரிந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன். ரீச்சர் யோசிக்காமல் பதில் சொன்னார்: "இல்லையெண்டுதான் சொல்லியிருப்பார். ஆர்தான் ஓமெண்டு சொல்லுவினம்?"

எனக்கு அந்த நேர்மை பிடித்தது. விருந்தோம்பல் என்று யாழ்ப்பாணத்தைப் பற்றி மேடைகளில் பேசுகிற பேச்சில் இது வருவதில்லை.

குசினிக்குள் கூட்டிப் போனார். இப்போது காஸ் அடுப்பு இரண்டு, பெரிய ஃபிரிட்ஜ், காலையில் இடியப்பம் அவிக்க வருகிற அக்கா ஒருவர். பழைய விறகு அடுப்பு இருந்த இடத்தில் புகைபடிந்த சுவரை வெள்ளை பூசியும் மங்கல் தெரிகிறது. முதல் மூன்று மாதம் ஏழு குடும்பத்துக்கும் இங்கே ஒரே உலை. பெரிய மனதோடு மாமியார் அப்படித்தான் தொடங்கினார். ஒரே பானை, ஒரே குழம்பு. சண்டையும் அங்கேதான் தொடங்கியது. முதற்பால் யாருடைய கறிக்குப் போனது, கப்பிப்பால் யாருக்கு வந்தது என்பதில் ஒரு நாள். இடித்த மிளகாய்த்தூள் எப்படி அரைவாசியானது என்பதில் இன்னொரு நாள். வெள்ளிக்கிழமையில் மாமியாரின் குசினிக்குள் மீன் ஏறாது. மயிலிட்டியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. வாயால் ஒருவரும் பெரிதாகச் சொல்லவில்லை. பாத்திரங்கள் வைக்கிற சத்தம் கூடிக்கொண்டே போனது.

மாமனார் ஒரு நாள் காலையில் பின்பத்திக்குக் கீழே, கொட்டிலின் சுவரோரம், மாமரத்தடியில் என்று கல்லு வைத்துக் களிமண் பூசி ஏழு அடுப்புப் போட்டார். அவரவர் உலை அவரவருக்கு. மாமியாருக்கு அது அவமானமாக இருந்தது. வந்த சனத்தைப் பிரித்து வைக்கிறாயோ என்று கேட்டார். ஆனால் அன்றிலிருந்துதான் வீடு நிதானமானது என்று ரீச்சர் அடித்துச் சொல்கிறார். "தனி அடுப்பு வந்தாப் பிறகுதான் அவையள் எங்களுக்குக் கறி தந்தவை. அதுக்கு முதல் தாறதுக்கு அவையிட்டச் சொந்தமா ஒண்டுமில்லையே."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் பஸ் ஏறியிருக்கலாம். சேர்த்துச் சமைத்துப் போடுவதைத்தான் நாம் பெருந்தன்மை என்று நினைக்கிறோம். நீண்ட காலம் தங்குகிறவருக்கு அது தினமும் மூன்று வேளை கைநீட்டுவது. ஒரு கிழமைக்கு உதவுகிற ஒழுங்கு வேறு, பத்து வருடத்துக்கு உதவுகிற ஒழுங்கு வேறு. இரண்டாவதில் நல்ல மனதைவிடக் கல்லும் களிமண்ணும் கூடப் பயன்படுகின்றன. மாமியாரை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் வீட்டைக் காப்பாற்றியது மாமனார்தான்.

ஏழு அடுப்புக்கும் எரிக்க என்ன இருந்தது என்பது அடுத்த கேள்வி. மண்ணெண்ணெய் தடைப் பட்டியலில். மின்சாரம் இல்லை. பனை மட்டை, ஊமல், பூவரசங் கொப்பு, கடைசியில் வேலிக் கதியால்கூட. இரவுக்கு ஜாம்போத்தல் விளக்கு: போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு பொட்டு வெளிச்சம். ஏழு விளக்கையும் ஏழு மறைப்புக்குள் கொளுத்துவது வீண் என்று ரீச்சர் விறாந்தைப் படியில் ஒரு விளக்கை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் சுற்றி இருத்திக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அரசாங்க உலருணவு முத்திரைக்கு ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதி என்று ஒரு கணக்கு இருந்தது. விலைவாசி ஏறியும் அந்தக் கணக்கு வருடக்கணக்காக ஏறவில்லை. தங்கவைத்த வீட்டுக்காரருக்கு அந்தக் கணக்கில் எதுவும் இல்லை. 2022 மார்ச்சில் பிரித்தானிய அரசு உக்ரேனியர்களை வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்கு மாதம் 350 பவுண் நன்றிக்கொடுப்பனவு அறிவித்தபோது லண்டனில் இருக்கிற ரீச்சரின் மகன் அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அந்தச் செய்தியை அனுப்பினானாம். ரீச்சர் அதை ரூபாயாக்கி, ஏழால் பெருக்கி, மாதத்தால் பெருக்கிப் பார்த்ததாகச் சொல்லிச் சிரித்தார். விடையைச் சொல்லவில்லை.

கிணற்றடிக்கு வந்தோம். துலா போய்த் தண்ணீர் மோட்டர் வந்துவிட்டது. துலாக்கால் மட்டும் மல்லிகைக் கொடி படர நிற்கிறது. வலிகாமத்தின் தண்ணீர் எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற மழைத் தண்ணீர். மேலே எதைப் புதைத்தாலும் கீழே போய்ச் சேரும். முப்பத்தைந்து பேருக்கு ஒரு கக்கூஸ் என்றால் குழி எவ்வளவு கெதியில் நிரம்பும், அது கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதுதான் இப்படி நிறைந்த வீடுகளில் உயிர்போகிற கேள்வி. மாமனார் வளவின் மேற்கு மூலையில் இன்னும் இரண்டு குழி வெட்டுவித்தார். ரீச்சர் கக்கூஸ் கதவில் சோக்கால் நேரசூசி எழுதினார்: பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதலில், வேலைக்குப் போகிறவர்கள் அடுத்து, கிழவர்கள் எப்போதும். மழை பெய்தால் சோக்கு அழியும். திரும்ப எழுத வேண்டும்.

கிணற்றடியில் அவர் குரலைத் தாழ்த்தினார். காரணம் விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

விறாந்தையில் இருந்த நாலு குடும்பமும் ஹோலில் இருந்ததும் சொந்தக்காரர், அல்லது ரீச்சரோடு படிப்பித்தவர்கள், ஒரே சாதி. அவர்கள் கிணற்றில் தாங்களே அள்ளினார்கள். கொட்டிலில் இருந்த மயிலிட்டிக் குடும்பத்துக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றப்பட்டது. வாளியைத் தொட விடவில்லை. அதே குடும்பம் மாமனாரோடு முப்பது வருடம் மீன் வியாபாரம் செய்த குடும்பம். யாழ்ப்பாணத்தில் யாருடைய படலை யாருக்குத் திறந்தது என்ற கணக்கைப் போட்டால் முகாம்களின் கணக்கும் விளங்கும். சொந்தக்காரர் வீடு உள்ளவர், பழக்கத்தில் ஒரு வளவு கிடைத்தவர், வாடகைக்கு வழியுள்ளவர் முகாமுக்குப் போகவில்லை. காணியில்லாதவர்களும், ஊருக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களும் முகாமில் மிஞ்சினார்கள். கடைசிவரை மிஞ்சியவர்களும் அவர்கள்தான். கச்சேரியின் இரண்டு நிரலுக்கும் நடுவில் ஓடுகிற கோட்டை இடம்பெயர்வு போட்டதில்லை. அது அதற்கு முன்னமே போட்டுக் கிடந்தது.

"மாமி செத்துப் போனா. அவவைப் பற்றி இப்ப கதைக்கக் கூடாது" என்றார் ரீச்சர். பிறகு தானே கதைத்தார்.

1995 ஒக்ரோபர் 30. இராணுவத்தின் ரிவிரச நடவடிக்கை நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். சரியாக ஐந்து வருடம் முன்னர், 1990இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் துரத்தப்பட்டதும் அதே திகதியில்தான். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த 1995 இரவில் கொக்குவில் வீட்டில் விருந்தாளி, வீட்டுக்காரர் என்ற பிரிவு முடிந்தது. எல்லாருமே ரோட்டில். மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடியுமட்டும் எடுத்தது. மாமனாரைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனது மயிலிட்டிக்காரரின் மூத்த மகன். தென்மராட்சியில் பள்ளிக்கூடம், கோயில், மரத்தடி எல்லாம் நிரம்பிக் கிடந்தது. ரீச்சர் குடும்பத்துக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. மயிலிட்டிக்காரருக்கு வடமராட்சிக் கரையில் பெண் கொடுத்த, எடுத்த வீடுகள் இருந்தன. பருத்தித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை வளவில் ரீச்சர் குடும்பத்துக்கு ஒரு பத்தி கிடைத்தது. அந்த வீட்டுக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

மாமியார் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். மூன்றாம் நாள் மயிலிட்டிக்காரரின் தாய், வயதில் மாமியாருக்கு மூத்தவர், பிளாவைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து இருந்தாராம். "தங்கச்சி, குடியணை. உன்ர வளவில நான் ஐஞ்சு வருசம் இருந்தனான்." மாமியார் குடித்தார்.

ஆறு மாதம் அங்கே. 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்திடம் போனபின் சனம் வலிகாமத்துக்குத் திரும்பியது. கொக்குவில் வீட்டில் கதவு நிலைகள் இல்லை, ஓட்டில் பாதி இல்லை, கிணற்றுக்குள் என்னென்னவோ கிடந்தது. மயிலிட்டிக் குடும்பமும் திரும்ப அதே கொட்டிலுக்கு வந்தது, ஏனென்றால் மயிலிட்டி அப்போது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். முதல் வேலையாகக் கிணறு இறைத்தார்கள். அள்ளி ஊற்றுகிற பழக்கம் அதற்குப் பிறகு இல்லை என்றார் ரீச்சர். மாமியார் மனம் திருந்திவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். அந்தக் கிணற்றை இறைத்தவர்களே அவர்கள்தானே, எப்படித் தடுக்கிறது என்பதுதான் ரீச்சர் சொன்ன காரணம்.

ஹோலுக்குள் வந்து இருந்தோம். தேத்தண்ணியும் பனங்கட்டியும் வந்தது. மேசையில் தடித்த சீ.ஆர். கொப்பி: வருகிறவர் பெயர், கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை இலக்கம், எங்கிருந்து, எத்தனை நாள். பொலிஸ் கேட்டால் காட்ட வேண்டும். ரீச்சர் உள்ளே போய் ஒரு பிளாஸ்ரிக் உறையோடு வந்தார். அதற்குள் மடித்து மடித்து வெடித்துப்போன தாள்கள். 1996க்குப் பிறகு வீட்டில் உள்ளோர் விபரம் எழுதி, கிராம சேவகர் ஒப்பமிட்டு, முன்கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்த பட்டியல்கள். பெயர், வயது, உறவுமுறை. உறவுமுறை என்ற இடத்தில் ரீச்சரின் உருண்டையான கையெழுத்தில் "இடம்பெயர்ந்தோர்" என்று ஏழு வரி.

அந்த வரிக்குப் பெரிய விலை இருந்தது. சுற்றிவளைப்பு வந்தால் பட்டியலையும் ஆட்களையும் ஒப்பிட்டு எண்ணுவார்கள். பட்டியலில் இல்லாதவர் வீட்டில் இருந்தால் வீட்டுக்காரருக்கு ஆபத்து. பட்டியலில் உள்ளவர் வீட்டில் இல்லாவிட்டால் எல்லாருக்கும் ஆபத்து. கொட்டிலில் இருந்த பெடியன் ஒருவன் ஒருமுறை கூட்டாளி வீட்டில் படுத்துவிட்டு விடிய வந்தான். அன்றைக்கென்று ஒழுங்கை சுற்றி வளைக்கப்பட்டிருந்தது. ரீச்சர் அவன் மாமரத்துக்குப் பின்னால் பேதிக்குப் போயிருக்கிறான் என்று அதிகாரியிடம் சொல்லி, பெடியன் பின்வேலியால் ஏறி வரும்வரை சமாளித்தார். "பொய் சொல்லாத ரீச்சர் எண்டு பேர் எடுத்தனான். அந்த ஒரு பொய்க்குப் பிள்ளையாருக்கு மோதகம் அவிச்சனான்."

உறையின் அடியில் இன்னொரு தாள். இது வேறு மாதிரி: தட்டச்சில், முத்திரை ஒட்டி, கீழே மயிலிட்டிக்காரரின் ஒப்பம். வீட்டுக்காரரின் அனுமதியுடன் மட்டுமே தங்கியிருப்பதாகவும், காணியில் எந்த உரிமையும் கோரமாட்டேன் என்றும் எழுதியது. ரீச்சரின் மைத்துனர் ஒரு சட்டத்தரணி, அவருடைய வேலை. இலங்கையில் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பிறருடைய காணியை எதிர்ப்பில்லாமல் தன்னுடையதாகப் பத்து வருடம் ஆண்டவர் அதற்கு உரிமை கேட்கலாம். அனுமதியோடு இருப்பவருக்கு அந்தக் காலம் ஓடாது. அதனால்தான் அந்தத் தாள். ஊரைவிட்டுப் போய்த் திரும்பாத ஆயிரக்கணக்கான சொந்தக்காரருக்குப் போர்க்காலத்தில் இந்தப் பத்து வருடம் பெரிய பயமாக இருந்தது. ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் தங்கள் காணிக்குப் போக முடியாதவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2016இல்தான் தனிச் சட்டம் வந்தது. 2001இல் அந்தத் தாளை நீட்டியபோது மயிலிட்டிக்காரர் வாசிக்காமலே ஒப்பம் வைத்தார். பிறகு மூன்று மாதம் மாமனாரோடு கதைக்கவில்லை.

யாரில் பிழை என்று நான் ரீச்சரைக் கேட்கவில்லை. சட்டம் தெரிந்தவன் அந்தத் தாளை எழுதத்தான் செய்வான். ஆனால் தன்னுடைய காணியை முட்கம்பிக்கு அங்கால் விட்டுவிட்டு வந்த ஒருவரிடம், நீ என் காணியைப் பிடித்துவிடுவாயோ என்று எழுத்தில் கேட்பது எப்படிப்பட்டது என்பதும் தெரியும். அவருடைய காணிக்கு அப்படி யாரும் அரசாங்கத்திடமிருந்து தாள் வாங்கிக் கொடுக்கவில்லை. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,300 ஏக்கருக்கு மேல் சுவீகரிக்கப்போவதாக மரங்களில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனவர்களில் அவரும் ஒருவர்.

அடுத்த ஒழுங்கையில் அவருடைய இளைய மகன் இருக்கிறார். ரீச்சரே கூட்டிப் போனார். குடை பிடித்துக்கொண்டு, வழியில் மஞ்சவனப்பதி முருகன் கோயிலின் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு. 1990இல் வந்தபோது கைப்பிள்ளையாக இருந்தவர் இப்போது திருநெல்வேலிச் சந்தையில் மீன் விற்கிறார். மதியத்துக்குப் பிறகு வீட்டில் இருப்பார். இரண்டு அறை வாடகை வீடு, வாசலில் ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்.

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தோடு சேர்ந்த 54 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் இன்னும் 683 ஏக்கர். அவர்களுடைய காணி அந்த இரண்டாவது தவணையில் வந்தது. தகப்பன் அதற்கு முதல் வருடம் காலமாகிவிட்டார். முதல் நாள் போனபோது எது தங்கள் காணி என்று கண்டுபிடிக்கத் தாயால்தான் முடிந்தது, அதுவும் கிணற்றின் கட்டை வைத்து. கிணற்றுக்குள் வீட்டுச் சுவர் கிடந்தது.

"இப்ப அம்மா அங்கதான். திட்டத்தில வீடு கட்டித் தந்தவை. நான் போக ஏலாது அண்ணை."

துறைமுகத்தைப் பெரிதாக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அதில் தெற்கிலிருந்து வரும் பலநாள் கலங்களும், எல்லை தாண்டியதற்குப் பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகளும் இடத்தைப் பிடித்து நிற்கின்றன. சின்ன வள்ளக்காரருக்கு நெருக்கம் என்பது அங்குள்ளவர்களின் முறைப்பாடு. இவருக்கு வள்ளமும் இல்லை. இருபத்தேழு வருடம் கொக்குவிலில் வளர்ந்த பெடியனுக்குக் கடல் தெரியாது, சந்தை தெரியும். பலாலி வீதியின் மூடிக்கிடந்த துண்டு 2025 ஏப்ரல் 10ஆம் திகதி திறந்தபோது நடந்து போகவும் நிறுத்தவும் தடை என்ற பலகையோடுதான் திறந்தது. அதனால் தாயிடம் போய்வரத் தூரம் குறைந்தது என்றார். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேச அவருக்கு ஒன்றுமில்லை.

ரீச்சர் அவருடைய மனைவியிடம் கொட்டிலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். அதை ஆறாவது அறையாக்க மகன் லண்டனிலிருந்து காசு அனுப்பியிருக்கிறான். சுற்றுலா அதிகார சபையில் பதிவையும் திருத்த வேண்டும். மழை பெய்தால் இன்னும் புகையிலை மணக்கிறது என்பதுதான் சிக்கல். வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கும் என்றார் மனைவி. மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வருகிற தன் மாமியார் அங்கேதான் படுக்கிறார், அறையாக்கினால் அவரை எங்கே படுக்கவைப்பது என்று அதே மூச்சில் கேட்டார். ஏசி அறையில் படுக்கட்டும் என்றார் ரீச்சர். அவ படுக்கமாட்டா, குளிரும் என்று பதில் வந்தது. அதற்குமேல் இருவரும் தீர்மானிக்கவில்லை.

மயிலிட்டிக்குப் போகும் எண்ணமே இல்லையா என்று இவரிடம் திரும்பக் கேட்டேன். பிள்ளைகள் இரண்டும் கொக்குவில் இந்துக் கல்லூரி. மகன் வருகிற வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். அவன் எழுதி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார். மகள் என்ன வகுப்பு என்று கேட்டேன். ஆறு.